மேசை நடுவிரிப்பும் எம்பிராய்டரி மெஷினும்: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் முறை

மேசையின் நடுவே பூச்சாடிக்கோ குத்துவிளக்குக்கோ அடியில் விரிக்கும் துணியை எம்பிராய்டரி மெஷினில் தைப்பது பார்வைக்கு எளிய வேலை. ஒரு சதுரமோ வட்டமோ, நடுவில் ஒரு பூ, ஓரத்தில் ஒரு கரை, அவ்வளவுதான். ஆனால் ரவிக்கையில் கண்ணுக்குப் படாத குறையெல்லாம் இதில் படும். ரவிக்கை உடம்போடு இழுபட்டு நிற்பதால் சின்னச் சுருக்கத்தை விழுங்கிவிடும். மேசைப் பலகை எதையும் விழுங்காது. நவராத்திரிக்கும் திருமணங்களுக்கும் ஆண்டுதோறும் இந்த விரிப்புகளைத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்ததில் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை அறிகுறி வாரியாகத் தருகிறேன்.

நான் மனத்தில் வைத்து எழுதுவது 40 முதல் 45 செ.மீ. அளவுள்ள பருத்தி விரிப்பு, வீட்டில் ஓட்டும் ஒற்றை ஊசி மெஷின், துணியை மாட்டும் 13×18 செ.மீ. பிரேம், 40 எண் எம்பிராய்டரி நூல், 75/11 ஊசி. பல ஊசிகள் கொண்ட தொழிற்கூட மெஷினிலும் அறிகுறிகள் இவைதான். ஊசி பொருத்தும் விதமும் எண்ணெய் விடும் இடமும் மட்டும் மாறும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஊசியருகே துணியை அழுத்தும் பாதமான ஃபுட்டை உயர்த்திவிட்டு மேல் நூலை முழுவதும் உருவி மறுபடி கோத்துக்கொள்ளுங்கள். ஃபுட் கீழே இருக்கும்போது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் மேலேயே நின்றுவிடும். அடுத்து ஊசியை மாற்றுங்கள். வீட்டு மெஷினில் ஊசித் தண்டின் தட்டைப் பக்கம் பின்னால் பார்க்க வேண்டும், ஊசி முட்டும்வரை மேலே ஏற வேண்டும். அடி நூல் சுற்றிய பாபினை எடுத்துத் திரும்பப் போடுங்கள். ஊசிக்கு அடியில் உள்ள தட்டைக் கழற்றி, பஞ்சைத் தூரிகையால் வழித்தெடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் பஞ்சும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு, அதே துணியின் துண்டில், துணிக்கு அடியில் தாங்கலாகக் கொடுக்கும் அதே அடித்தாள் வைத்து, ஒரு சின்ன பூவைத் தைத்துப் பாருங்கள். வேறு துணியில் பார்க்கும் சோதனை உதவாது. இந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடாமல் டென்ஷன் திருகைத் திருப்பியவர்கள் இரண்டு கோளாறுகளோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்: முதலில் இருந்தது ஒன்று, திருகைத் திருப்பியதால் வந்தது இன்னொன்று.

## அறிகுறி: விரிப்பு மேசையில் படியவில்லை

நடுவிரிப்புக்கே உரிய கோளாறு இது. மெஷின் மேல் பழி விழும், ஆனால் மெஷின் காரணமாக இருப்பது அரிது. முதலில் விரிப்பைக் கண்ணாடி மேசையிலோ தரையிலோ போட்டு, எங்கே எழும்புகிறது என்று பாருங்கள். தீர்வு அதைப் பொறுத்தது.

### ஓரம் அலை அலையாக எழுகிறது, நடுப்பகுதி இறுகியிருக்கிறது

வட்ட விரிப்பு என்றால் அலைகளை எண்ணுங்கள். சரியாக நான்கு இடங்களில், இழைக்குக் குறுக்காகப் போகும் மூலைவாட்டில் மட்டும் எழுந்தால், ஓரம் தைக்கும்போது துணி இழுபட்டிருக்கிறது. பருத்தி இழை வாட்டத்தில் இழுபடாது, மூலைவாட்டில் நன்றாக இழுபடும். வட்டத்தில் அப்படி நான்கு இடங்கள் உண்டு. செலவில்லாத முதல் முயற்சி: தண்ணீர் தெளித்து, கம்பளம் விரித்த பலகையில் குண்டூசியால் வட்டமாகக் குத்தி, அலையை விரலால் உள்நோக்கித் தள்ளி, காயவிடுங்கள். காய்ந்து எடுத்தபின்னும் படிந்திருந்தால் வேலை முடிந்தது. அடுத்த விரிப்பில் இது வராமலிருக்க, வட்டமாக வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள். சதுரத் துணியிலேயே பூ, கரை எல்லாம் தைத்து முடித்து, கடைசியில் வெட்டுங்கள்.

அலை நான்கில் நிற்காமல் சுற்றிலும் பரவியிருந்தால், அல்லது குண்டூசி குத்திக் காயவைத்தும் திரும்ப வந்தால், நடுவில் உள்ள பூ துணியைச் சுருட்டி இழுத்திருக்கிறது. நடு சுருங்கினால் ஓரத்துத் துணி மிஞ்சும், மிஞ்சியது அலையாகும். சரிபார்க்கும் வரிசை இது:

அடித்தாள் போதுமா? பேக்கிங் (backing) பேப்பர் என்று கடையில் கேட்டு வாங்குவோமே, அதில் கிழித்தெடுக்கும் வகையின் ஒற்றைத் தாள் நெருக்கமான பூவைத் தாங்காது. இரண்டு தாள்களை ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக வைத்துப் பாருங்கள், அல்லது வெட்டி நீக்கும் வகைக்கு மாறுங்கள். வெள்ளை மெல்லிய துணியில் வெட்டி நீக்கும் தாளின் ஓரம் நிழலாகத் தெரியும். பூவின் வடிவத்தை ஒட்டி, 5 மி.மீ. விட்டு, கூர் இல்லாமல் வளைவாக வெட்டினால் உறுத்தாது.

துணி துவைத்ததா? புதுப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். பூவின் பாலியெஸ்டர் நூல் சுருங்காது. தைப்பதற்கு முன்பே துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். கைத்தறித் துணிக்குக் கஞ்சி இருக்கும், அதுவும் போகட்டும்.

டிசைனின் அளவை மெஷின் திரையில் மாற்றினீர்களா? இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நவராத்திரியில். குத்துவிளக்கு அடியில் போட ஆறு வெள்ளை விரிப்புகள், நடுவில் தாமரை. ஆறும் ஓரத்தில் அலையடித்தன. டென்ஷன் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பார்த்து, மெஷின் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வந்து போன கூலியை வாங்கிக்கொண்டு போனார். காரணம் பிறகுதான் புரிந்தது. 12 செ.மீ. தாமரையைத் திரையிலேயே 10 செ.மீ. ஆக்கியிருந்தேன். பல வீட்டு மெஷின்கள் அளவைக் குறைக்கும்போது தையல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. 12 செ.மீ. பரப்பில் விழ வேண்டிய அத்தனை தையலும் அதில் ஏறத்தாழ 70 சதவீத இடத்தில் நெருக்கியடித்து விழுந்தன. துணி சுருளாமல் என்ன செய்யும்? ஆறு விரிப்புகளையும் திரும்பத் தைத்தேன். அன்றிலிருந்து டிசைன் கோப்பை விற்பவரிடம் அளவு சொல்லி வாங்குகிறேன், அல்லது கணினியில் தையல்களைத் திரும்பக் கணக்கிடும் மென்பொருளில் மாற்றுகிறேன்.

அளவை மாற்றாமலேயே சுருளுகிறது என்றால் டிசைன் அந்தத் துணிக்குக் கனம். பரப்பை நிறைக்கும் நிரப்புத் தையலில் வரிகளுக்கு இடையேயான இடைவெளி பெரும்பாலும் 0.4 மி.மீ. இருக்கும். மெல்லிய பருத்திக்கு 0.45 அல்லது 0.5 ஆக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, துணி மூச்சு விடும்.

### ஓரம் கிண்ணம் போல மேலே வளைகிறது, அல்லது நடு குமிழாக எழுகிறது

இது முன்னதற்கு நேர் எதிர். இங்கே சுருங்கியிருப்பது ஓரம். ஓரத்தில் சாட்டின் கரை, அதாவது இடமும் வலமும் நெருக்கமாகப் போய்வரும் தையல், போட்டிருந்தால் அதன் அகலமும் நெருக்கமும் காரணம். மேல் நூல் டென்ஷனை ஒரு எண் குறைத்து, துண்டுத் துணியில் 10 செ.மீ. கரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். வளைவு குறைந்தால் அதோடு நிறுத்துங்கள். குறையாவிட்டால் கரைக்கு அடியில் தண்ணீரில் கரையும் துணி வகைத் தாளைக் கொடுங்கள்; மெல்லிய பிளாஸ்டிக் போன்ற வகை இந்த வேலைக்குப் போதாது, ஊசி அதைத் துளையிட்டே பிரித்துவிடும். கரையின் அகலம் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதையும் குறைக்கலாம்.

கரையை எம்பிராய்டரியாக அல்லாமல் மடித்துத் தைத்த விரிப்பும் கிண்ணமாகிறதா? தையல் நீளம் மிகச் சிறியதாகவோ நூல் இறுக்கமாகவோ இருக்கிறது. பிரித்து, தையல் நீளம் 3 மி.மீ. வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

### பூவைச் சுற்றி மட்டும் கதிர் கதிராகச் சுருக்கம்

பிரேமில் துணியை இழுத்து மாட்டியதால் வருவது. முரசுத் தோல் போல இறுக வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள், அது பாதி உண்மை. அடித்தாள் இறுக வேண்டும், துணி அதன் மேல் சுருக்கமில்லாமல் படிந்து கிடந்தால் போதும். திருகை இறுக்கியபின் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால், தைக்கும்வரை நீண்டிருந்த துணி பிரேமிலிருந்து எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும், தையல் திரும்பாது. இடையில் நிற்பதுதான் அந்தக் கதிர்கள். துணியின் கட்டம் அல்லது இழை பிரேமுக்குள் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

தைத்து முடிந்த விரிப்பை ஓரளவு காப்பாற்றலாம். தடித்த துவாலையின் மேல் பூவைக் குப்புறப் போட்டு, பின்பக்கம் நீராவி காட்டி, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். துணியில் நீல மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருந்தால், தண்ணீரில் அதை நீக்கும்வரை சூடு காட்டக்கூடாது. சூடு பட்டால் அந்த மை நிலைத்துவிடும்.

## அறிகுறி: அடியில் நூல் கொத்தாகச் சேர்கிறது

அடியில் சேர்வதால் எல்லோரும் பாபினைச் சந்தேகிக்கிறார்கள். கொத்தை விரலால் பிரித்து நிறத்தைப் பாருங்கள். பூவின் நிறத்தில் இருந்தால் அது மேல் நூல்தான். மேலே பிடிமானம் இல்லாததால் அடியில் வழிந்து குவிந்திருக்கிறது.

முதலில் கொத்தை எடுக்கும் முறை. பிரேமைப் பிடித்து இழுக்காதீர்கள். துணி ஓட்டையாகும், பிரேம் கை வளையும். மெஷினை நிறுத்தி, பிரேமைச் சற்றே தூக்கி, துணிக்கும் தட்டுக்கும் இடையே வளைந்த சிறு கத்தரியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். கைச்சக்கரம் அசையவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள்.

காரணங்கள், செலவு குறைந்ததிலிருந்து: ஃபுட் கீழே இருக்க நூல் கோத்தது, மேலும் கீழும் ஆடும் கொக்கியிலிருந்து நூல் நழுவியது, தொடக்கத்தில் நூல் முனையைப் பிடிக்காமல் விட்டது, பிரேமில் துணி தளர்ந்து ஊசியோடு சேர்ந்து துள்ளுவது. நான்காவதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: மெதுவாக ஓட்டிப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஊசி மேலே வரும்போது துணியும் எழுந்து வந்தால் அதுதான். துணி துள்ளும்போது நூல் வளையம் சரியாக உருவாகாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் கொத்து விழுந்தால், பாபினைச் சுற்றிவரும் கொக்கியின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி ஒடிந்து குத்திய கீறல் இருந்தால் நூல் அதில் மாட்டும். நைலான் துணித் துண்டை அதன் மேல் மெல்ல வருடினால் இழை பிடிக்கும் இடம் தெரிந்துவிடும். அதை நீங்களே உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். மெக்கானிக்கின் வேலை இது.

## அறிகுறி: மேல் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

அறுந்த முனையைப் பாருங்கள், அதுவே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

முனை பஞ்சாகப் பிரிந்திருந்தால் நூல் எங்கோ உராய்கிறது. பெரும்பாலும் ஊசிக் கண். ஊசி புதிதாகவே இருந்தாலும் நூலுக்குச் சிறியதாக இருக்கலாம். புதிய 75/11, அடுத்து 80/12 என்று மாற்றிப் பாருங்கள். துணியில் ஒட்டும் ஸ்பிரே அடித்திருந்தால் பசை ஊசியில் ஏறியிருக்கும், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

முனை கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் நூல் எங்கோ மாட்டிக்கொண்டு இறுகி அறுந்திருக்கிறது. நூல் கண்டின் விளிம்பில் உள்ள வெட்டு, கண்டை மூடும் தொப்பி அளவு மாறியிருப்பது, டென்ஷன் மிகுதி என்ற வரிசையில் பாருங்கள்.

டிசைனில் எப்போதும் ஒரே இடத்தில் அறுந்தால், அங்கே தையல்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்திருக்கின்றன. வேறு நூலில், வேறு துணியில் ஓட்டியும் அதே இடத்தில் அறுந்தால் கோப்பைத்தான் திருத்த வேண்டும். மெக்கானிக்கை அழைப்பது வீண் செலவு.

நூல் பழையதா என்றும் பாருங்கள். ஜன்னல் வெயில் படும் தட்டில் வருடக்கணக்கில் இருந்த ரேயான் நூலை இரு கையாலும் பட்டென்று இழுங்கள். புதுக் கண்டின் நூல் எதிர்க்கும் அளவு அது எதிர்க்காவிட்டால், அந்தக் கண்டை மெஷினில் ஏற்றாதீர்கள்.

### ஜரிகை நூலில் மட்டும் அறுகிறது

நடுவிரிப்பில் தங்க நிறம் கேட்காத வாடிக்கையாளர் குறைவு, அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். புடவை நெசவுக்கான ஜரிகையை ஊசியில் கோக்காதீர்கள். மெஷின் எம்பிராய்டரிக்கென்று விற்கும் ஜரிகை நூலே வேண்டும். ஊசியை 90/14 அளவில், நீண்ட கண் உள்ளதாக மாற்றுங்கள். கண்டை மெஷினின் கம்பியில் மாட்டாமல், இரண்டடி தள்ளி ஒரு நூல் நிற்பியில் வையுங்கள். அந்தத் தூரத்தில் நூலின் முறுக்கு தளர்ந்து நேராகும். மேல் டென்ஷனைக் குறைத்து, வேகத்தை நிமிடத்துக்கு 400 தையல் அளவில் வையுங்கள். இந்த நான்கையும் செய்தபின் எனக்கு ஒரு மயிலிறகு முழுவதும் அறாமல் ஓடியிருக்கிறது. ஜரிகையை நிரப்புத் தையலில் கொடுப்பதைவிட ஓரக்கோட்டில் மட்டும் கொடுப்பது நல்லது. மேசையில் விளக்கு ஒளி படும்போது மெல்லிய கோடே போதுமானது.

## அறிகுறி: பூவின் மேல் வெள்ளைப் பாபின் நூல் எட்டிப் பார்க்கிறது

பின்பக்கம் திருப்பி ஒரு சாட்டின் இலையைப் பாருங்கள். அகலத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப்பங்கில் வெள்ளை, இரு ஓரங்களிலும் மேல் நூலின் நிறம் தெரிய வேண்டும். வெள்ளை நடுவில் ஒரு மெல்லிய இழையாக மட்டும் தெரிந்தால் மேல் நூல் தளர்வு. பின்பக்கம் முழுவதும் வெள்ளையாக இருந்தால் மேல் நூல் இறுக்கம், அல்லது பாபின் தளர்வு.

பாபின் உறையில் நூலை அழுத்திப் பிடிக்கும் தட்டை வில்லுக்கு அடியில் ஒரு சிட்டிகைப் பஞ்சு சிக்கினாலே பாபின் தளர்ந்துவிடும். விசிட்டிங் கார்டின் மூலையை அதற்குள் விட்டு இழுங்கள். பிறகு மேல் டென்ஷனை ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துப் பாருங்கள். அதன் பிறகே பாபின் உறையின் திருகு. அதைத் தொடும் முன் இருக்கும் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தின் முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மேல் ஒரே முறையில் திருப்பாதீர்கள். உலோக உறையானால், நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு மெல்ல உதறுங்கள்: சில செ.மீ. இறங்கி நின்றால் சரி, தரைவரை ஓடினால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம்.

## அறிகுறி: ஓரக்கோடு பூவை விட்டு விலகி நிற்கிறது

இதழுக்கும் அதன் கோட்டுக்கும் நடுவே துணி தெரிகிறது. பிரேமுக்குள் துணி நகர்ந்திருப்பது முதல் காரணம். பிரேமின் உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றினால் வழுக்காது. விரிப்பின் மீதித் துணி மேசை விளிம்பில் தொங்கிப் பிரேமை இழுப்பது இரண்டாவது, 45 செ.மீ. துணி சின்னது என்று அலட்சியம் செய்கிறோம், ஆனால் அது மெஷினின் கையில் சிக்கினால் போதும். சுருட்டிக் கிளிப் போட்டு வையுங்கள்.

இரண்டும் இல்லை, விலகல் எப்போதும் ஒரே பக்கத்தில் ஒரே அளவில் வருகிறது என்றால், தையல் துணியை இழுப்பதை டிசைன் கணக்கில் எடுக்கவில்லை. வட்டம் முட்டையாக வருவதும் இதனால்தான். கோப்பில் இழுவை ஈடு 0.2 முதல் 0.4 மி.மீ. கூட்டச் சொல்லுங்கள்.

விலகல் ஒவ்வொரு தடவையும் வேறு திசையில், படிப்படியாக வளர்ந்தால், பிரேமைத் தாங்கும் கையை லேசாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பிரேம் நகர்த்தும் பாகத்தைச் சேவைக்குக் கொடுக்க வேண்டும்.

## அறிகுறி: நான்கு மூலைப் பூக்களும் ஒன்றுபோல் அமையவில்லை

மெஷின் எதையும் தவறாகச் செய்யவில்லை. துணியை நான்காக மடித்து இஸ்திரி போட்டு நடுக்கோடுகளை உண்டாக்கி, மூலைவிட்டங்களை மார்க்கரில் வரையுங்கள். டிசைனை அதே அளவில் தாளில் அச்சிட்டு, நடுப்புள்ளியைத் துளையிட்டு, ஒவ்வொரு மூலையிலும் வைத்துக் குறியுங்கள். பிரேமில் மாட்டியபின் கைச்சக்கரத்தால் ஊசியை இறக்கி, குறித்த புள்ளியிலேயே படுகிறதா என்று பார்க்காமல் பொத்தானை அழுத்தக்கூடாது. நடுப்பூவை முதலில் தைத்துவிடுங்கள். அது துணியைச் சிறிது சுருக்கும், மூலைகளின் அளவை அதற்குப் பிறகு எடுப்பதே சரியாக வரும்.

மின்சாரம் நின்று பாதியில் விட்ட பூவுக்கும் இதே கவனம் வேண்டும். துணியைப் பிரேமிலிருந்து கழற்றாதீர்கள். மின்சாரம் வந்ததும் பத்துத் தையல் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

## அறிகுறி: துவைத்த பின் சாயம் கசிந்தது, கரை பிசிறுகிறது

கருஞ்சிவப்பு நூலை வெள்ளைத் துணியில் போடும் முன், ஒரு முழத்தை ஈர வெள்ளைத் துணியில் சுற்றி இரவு முழுதும் வையுங்கள். கறை பிடித்தால் அந்த நூல் விரிப்புக்கு ஆகாது. ஏற்கனவே கசிந்துவிட்டால் காயவிடாமல் உடனே குளிர்ந்த நீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். காய்ந்து, இஸ்திரியும் போட்ட கறை எளிதில் போகாது.

கரை பிசிறினால் வெட்டும்போது தையலையும் தொட்டிருக்கிறீர்கள், அல்லது கரைக்கு அடியில் ஓட்டுத் தையல் இல்லை. வெட்டும் கோட்டில் முதலில் இரண்டு நேர்த்தையல் ஓட்டி, அதன் மேல் சாட்டின் போட்டு, வாத்து மூக்குக் கத்தரியால் வெட்டினால் நிற்கும்.

## அறிகுறி: ஊசி ஒடிகிறது, தையல் விடுகிறது, உலோகச் சத்தம் வருகிறது

ஊசியை மாற்றுங்கள், பிரேம் ஊசியில் இடிக்கிறதா என்று பாருங்கள், டிசைன் பிரேமின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. புது ஊசியிலும் தையல் விட்டால் ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் தவறியிருக்கிறது. டைமிங் என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். மயிரிழை அளவில் சரிசெய்ய வேண்டிய இடம் அது. திருகு எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலும் தொடாதீர்கள். எரிந்த வாசனை, திரை அணைந்து அணைந்து எரிவது, மோட்டார் முனகுவது என்றாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவரையே அழைக்க வேண்டும்.

அவர் வரும்போது கையில் கொடுக்க வேண்டியவை: கடைசியாகத் தைத்த துண்டு, கொத்தோடு, பிரிக்காமல், ஒடிந்த ஊசியின் இரு பாகங்களும், அப்போது ஓட்டிய நூல் கண்டும் அடித்தாளும், டிசைன் உள்ள பென்டிரைவ். ஊசியின் ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள், அது இன்னும் மெஷினுக்குள் இருக்கக்கூடும்.